புள்ளி குத்தியவர்

என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாசலில் நின்றே கத்துவார்கள். ஆதார் ரெண்டு பக்கமும் ஒண்ணு, கலர் ஒண்ணு, சீக்கிரம் அம்மணி, பஸ்ஸு போயிரும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை போட்டவளுக்கு அந்தக் கத்தல் பழகிவிடும். அவர் மட்டும் கத்த மாட்டார். செருப்பைக் கழற்றிப் படியோரம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வருவார். ஓடுகிற மெஷின் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நிற்பார். எனக்கு எரிச்சலாக வரும். அது என்ன உங்களிடம் பேசுகிறதா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "பேசுதுங்க அம்மணி. உள்ளார ஒரு ரோலர் தேஞ்சு போச்சு. இன்னும் ஒரு வாரம் ஓடும்" என்றார். ஆறாம் நாள் மெஷின் பேப்பரைக் கசக்கிக் கசக்கித் துப்பியது. அவரே வந்து சரி செய்து கொடுத்தார்.

அப்படித்தான் பழக்கம். மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். மில் மூடியபிறகு மற்ற மில்களில் கெட்டுப்போகும் எலக்ட்ரானிக் போர்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பழுது பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூடிய மில்லுக்குப் பின்னால் லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறையில் பாதியை அவருடைய மேஜை பிடித்துக்கொள்ளும். மீதிப் பாதியில் ஒரு கட்டில், கட்டிலில் அவருடைய மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டில் ரெண்டே பேர்தான்.

மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் துக்கம் என்று ஒன்று எதிரே வந்து நின்றால் அவருடைய கை ஸ்குரு டிரைவரைத் தேட ஆரம்பித்துவிடும். என் அப்பா இறந்த அன்றைக்கு வந்திருந்தார். வந்தவர்கள் எல்லாம் என் தோளைத் தொட்டு ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் அப்பாவைப் படுக்க வைத்திருந்த ஐஸ் பெட்டி கடகடவென்று ஆடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு நேராகப் போய்த் தரையில் குப்புறப் படுத்து அதற்கடியில் கையை விட்டார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெரியம்மாக்கள் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் மாமன் அடிக்கவே போய்விட்டான். ஒரு அட்டையை மடித்துப் பெட்டிக் காலுக்கடியில் செருகினார். சத்தம் நின்றது. எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு வயிறெரிந்தது. அதற்கப்புறம்தான் அப்பா பக்கத்தில் நிம்மதியாக உட்கார முடிந்தது என்பதும் உண்மைதான்.

அதை அக்காவிடம் சொன்னபோது அக்கா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"உங்கப்பாவுக்காச்சும் பொட்டியச் சரி பண்ணுனாரு கண்ணு. எங்க பாப்பா போன அன்னிக்கு ரேடியோவப் பிரிச்சுப்போட்டு உக்காந்துட்டாரு. நான் ஒருத்தியேதான் அழுதேன். அந்த ரேடியோ பத்து வருசம் பாடுச்சு."

எட்டு மாதக் குழந்தை. அதற்குப்பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்கா அதைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அக்கா ஒரு படிப்புப் பைத்தியம். அதே மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள், எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதை ஒன்று விட மாட்டாள். போண்டா மடித்து வந்த பேப்பரைக்கூட எண்ணெயோடு விரித்துப் படிப்பாள். பாதியில் கிழிந்திருந்தால் மிச்சக் கதையை அவளே கட்டிக்கொள்வாள். அந்தக் கண்ணைத்தான் சர்க்கரை வியாதி தின்றது. முதலில் எழுத்து மேல் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இரண்டு வருஷத்தில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது.

அண்ணனைப் படித்துக் காட்டச் சொல்லுங்களேன் அக்கா என்று நான் சொன்னேன்.

"சொல்லாம இருப்பனா? என்ர கொரலு தகரத்துல ஆணி இழுத்தாப்பல இருக்கும்னுபோட்டு, ஃபோன்ல ஒருத்தியப் படிக்க வெச்சுக் குடுத்துட்டாரு. அவ படிக்கறா, பஸ் ஸ்டாண்டுல வண்டி நேரம் சொல்றாப்பல. எழவு ஊட்டுக்கும் அதே கொரலு, கல்யாண ஊட்டுக்கும் அதே கொரலு. எனக்கு அவரு படிச்சாப் போதும் கண்ணு. கேட்டுக் கேட்டு வாங்கறதுக்கு அது என்ன கடைச் சாமானா?"

நான் இதை அவரிடம் அப்படியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கண்டதையும் உளறுகிற வாய் அன்றைக்குப் பார்த்துச் சும்மா இருந்தது.

கொஞ்ச நாளில் அவர் கடைக்கு வந்தார். கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற எழுத்து இருக்கிறதே, தமிழுக்கு அந்த அட்டவணை வேண்டும் என்றார். தேடி எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஆறு இடம், அதில் எங்கே புள்ளி மேடாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. உற்றுப் பார்த்துவிட்டு, "ஆறே புள்ளிதானுங்களா, பாத்துக்கலாம்" என்றார். அப்புறம் பரண்மேல் செத்துக் கிடந்த என் பழைய பிரிண்டரைக் கேட்டார். அதற்கு உயிரில்லை அண்ணா என்றேன். "மோட்டார் ரெண்டும் உசுரோடதான் இருக்கும்ங்க" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்.

ஏழு மாதம் ஆனது. மை தெளிக்கிற தலையைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு ஊசியைப் பொருத்தினார். ஊசியைக் குத்த வைக்க, கரண்ட் பாய்ந்தால் இழுக்கிற கம்பிச் சுருள், காயில் என்பார்கள், அது ஒன்று வேண்டும். மில் மெஷினில் நூலில் முடிச்சு வந்தால் டக்கென்று அறுக்கிற குட்டிக் கத்தி ஒன்று உண்டு. அதை ஓட்டுகிற காயிலை எந்தப் பழைய இரும்புக் கடையில் பிடித்தாரோ, கொண்டுவந்து மாட்டினார். பேப்பருக்கடியில் ஊசி இறங்க மெத்தென்று இருக்கட்டும் என்று சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினார். போர்டு மட்டும் டவுனில் புதிதாக வாங்கியது, தீப்பெட்டி அளவு. அதற்குப் புரோகிராம் எழுத யூட்யூப் பார்த்துப் பார்த்து அவரே படித்துக்கொண்டார். காயில் சூடேறிப் புகைந்தது, பேப்பர் கிழிந்தது, வரி கோணியது. ஒவ்வொன்றையும் கடைக்கு வந்து என்னிடம் நோயாளி பற்றிச் சொல்வது மாதிரி சொல்வார். வீட்டில் நிஜமாகவே ஒரு நோயாளி உட்கார்ந்திருந்தாள், அவளைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

அக்காவுக்கு எழுத்துப் பழக்கியதும் அவர்தான். முட்டை அட்டையில் ஆறு குழி வெட்டிக் கொடுத்து, கோலிக்குண்டைப் போட்டு எடுத்து, இது அ, இது க என்று. அக்கா ரெண்டே வாரத்தில் எல்லாம் பிடித்துக்கொண்டாள். மூளை அப்படி.

மெஷின் ஓடிய நாளில் என்னைக் கூப்பிட்டிருந்தார். மத்தியானம் கடையைச் சித்த நேரம் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். அண்ணன் மேஜையில் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டு ரெண்டு விரலால் கதையை டைப் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிக்கொள்வார். தா... சில்... தார்... ம... கள். அவருக்கே தெரியாத பழக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சுவரில் சாய்ந்து, காதை அவர் பக்கம் கொடுத்து, வாய் லேசாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மெஷின் டக் டக்கென்று குத்தியது. பேப்பரை எடுத்துத் திருப்பி மடியில் வைத்தார். அக்கா விரலை ஓட்டி ஓட்டி வரி பிசகாமல் படித்தாள். தாசில்தார் மகள் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள் என்று ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மட்டும் காயிலைத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெண்டு மாதம் தினமும் அது நடந்தது. தினமும் மத்தியானம் ஒரு பக்கக் கதை. அக்கா முகத்தில் தெளிச்சி வந்திருந்தது. நான் ஒரு தாளைக் கேட்டு வாங்கி வந்து கடைச் சுவரில் ஒட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

கண் தெரியாத வாத்தியார் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை கடைக்கு வருவார். கண் தெரியாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வேலை. அவரிடமும் பீற்றி, தாளைப் பிய்த்துக் கையில் கொடுத்தேன். தடவினார். திரும்பவும் முதலிலிருந்து தடவினார். எழுத்தாட்டமும் இருக்கிறது, இல்லாததாட்டமும் இருக்கிறது என்றார். பிறகு விரலை வலது கோடியில் வைத்து இடது பக்கமாக நகர்த்தினார். "இப்படித் தடவுனாச் சரியா வருதுங்க. அடிச்சவரு எடம் வலம் மாத்தி அடிச்சுப்போட்டாரு. இத யாராலயும் சரளமாப் படிக்க முடியாதுங்களே" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பனியனில் படம் போடுகிறவர்களுக்குத் தினமும் மிரர் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறவள் நான். ஊசி மேலேயிருந்து குத்துகிறது. மேடு அடிப்பக்கம் வருகிறது. தாளைத் திருப்பித்தான் தடவ வேண்டும், திருப்பினால் இடது வலதாகிவிடும். அதனால் குத்தும்போதே மாற்றிக் குத்த வேண்டும். அவர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிறவர். குத்திய பக்கத்தைப் பார்த்தால் அட்டவணையில் இருக்கிற மாதிரியே அச்சு அசலாக இருந்திருக்கும். அவருக்கு அது போதும். தடவிப் பார்க்க வேண்டிய எழுத்து என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வாத்தியார் போன கொஞ்ச நேரத்தில் அவர் கெட்டிப் பேப்பர் வாங்க வந்தார். அவர் தப்பை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற கொழுப்பு எனக்கு. "ஏனுங்கண்ணா, ரெண்டு மாசமா மிரர் அடிச்சுட்டு இருக்கீங்களே!" என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"அப்ப அவ படிச்சாளே?" என்றார்.

நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிமிஷம்வரை எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர் பேப்பரை வாங்காமல், செருப்பையும் போடாமல், நடந்து போனார். அந்தச் செருப்பைக் கொடுக்கிற சாக்கில் நான் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன்.

நான் போனபோது புரோகிராமில் ஒரு வரியை மாற்றி முடித்துவிட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தார். வாய் இறுக மூடியிருந்தது. பக்கத்தில் பத்திரிகை இல்லை. "ஏனுங்க, இன்னிக்கு சத்தத்தையே காணோம்" என்று அக்கா கேட்டாள். மெஷின் குத்தி முடித்தது. தாளை அவள் மடியில் வைத்து, படி என்றார்.

கம்ப்யூட்டர் திரை எனக்குத் தெரிந்தது. கதை இல்லை. தெரியுதா, தெரியுதா என்று அந்த ஒரே வார்த்தையைப் பத்து வரிக்கு அடித்திருந்தார்.

அக்கா விரலை வைத்தாள். கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் சிரித்த முகமாகப் படிக்க ஆரம்பித்தாள். தாசில்தார் மகளைத் தேடி அவள் அண்ணன் ஊரிலிருந்து வந்துவிட்டான், அவன் கையில் ஒரு கடிதம் இருந்தது, அதைப் பார்த்து அவள் அம்மா அழுதாள். விரல் வரி வரியாக இறங்கியது. கதை நன்றாகத்தான் இருந்தது. நிறுத்துங்கள் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் நிறுத்தவில்லை. கடைசி வரிவரைக்கும் அவளைப் போகவிட்டார்.

"வெரல்ல தெரியுதா?" என்று கேட்டார்.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். "இல்லீங்க."

"எப்பருந்து?"

"மொதல்லருந்தே தெரியலீங்க. கோலிக்குண்டு தெரிஞ்சுது. இது தெரியல. பால் சட்டி சுட்டதே நாத்தம் வந்தப்பறம்தான் தெரியுது." விரலை நீட்டிக் காட்டினாள். நுனியில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. கண்ணைத் தின்ற சர்க்கரை விரலையும் தின்றிருக்கிறது. ஏழு மாதம் ஊசியின் நீளத்தையும் காயிலின் சூட்டையும் அளந்தவர் அந்த விரலை ஒருநாளும் பிடித்துப் பார்க்கவில்லை.

இப்போதாவது அந்தக் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவர் தாளைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, புள்ளி உயரம் பத்தவில்லை என்றார். ஸ்குரு டிரைவரை எடுத்து மெஷினின் மூடியைக் கழற்றினார்.

மூன்று நாள் கழித்து அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அக்கா என்னைத் திட்டவில்லை.

"எதுக்குக் கண்ணு சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். தப்பு என்று தெரிந்தபிறகு எப்படி அக்கா சொல்லாமல் இருப்பது என்று இழுத்தேன்.

"அவரு டைப் அடிக்கறப்ப வாயாலயே படிப்பாரு, பாத்திருக்கியல்ல? முப்பத்தஞ்சு வருசத்துல எங்கிட்ட அத்தன பேச்சு பேசுனதில்ல. மெஷினு எதையோ குத்தீட்டுப் போவுது, எனக்கென்ன? அதக் கேட்டுட்டு இருந்தேன். இப்ப அதும் இல்ல."

நான் அழுதுவிட்டேன். வீட்டுக்கு வெளியே வந்து அவருக்காகக் காத்திருந்து, அண்ணா, மெஷினை விடுங்கள், அக்காவுக்குச் சும்மா உட்கார்ந்து ரெண்டு பக்கம் படித்துக் காட்டுங்கள், அது போதும் என்றேன். கையெடுத்துக்கூடக் கும்பிட்டேன். "படிக்கலாமுங்க அம்மணி. இந்த ஊசி மட்டும் சரியாகட்டும்" என்றார். ஏய்க்கவில்லை, நிஜமாகவே படிக்கத்தான் நினைத்திருந்தார்.

ஊசி சரியாகவே இல்லை. மழுங்கலான ஊசி போட்டார், தடித்த ஊசி போட்டார், காயிலை மாற்றினார். புள்ளி கேழ்வரகு அளவுக்கு வந்தது, பிறகு கடுகு அளவுக்கு வந்தது, அதற்குமேல் பேப்பர் தாங்காமல் பொத்தல் விழுந்தது. கதை அடிப்பதை விட்டுவிட்டார். சோதனைக்கு எதற்குக் கதை, அ ஒன்று போதும் என்றார். அந்த அறையில் நாள் முழுக்க டக் டக் சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு தாளையும் கொண்டுவந்து மடியில் வைப்பார், அக்கா தடவிவிட்டுத் தெரியலீங்க என்பாள். கடைசியில் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டு, தாளைத் திருப்பி நீட்டுவாள். எனக்கு அந்த வீட்டுப் படி ஏறவே கால் வராது. ஆனாலும் போனேன். நான் படித்துக் காட்டினால் கேட்பாள், நன்றாகப் படிக்கிறாய் கண்ணு என்பாள், காது மட்டும் மேஜைப் பக்கமே இருக்கும்.

சித்திரையில் காலில் ஒரு புண் வந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். அவர் பக்கத்திலேயேதான் இருந்தார். ஒரு நோட்டில் ஊசிக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். நான் கொண்டுபோன பத்திரிகை கட்டிலுக்கு மேலே ஜன்னலில் பிரிக்காமல் இருந்தது.

அக்காவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மெஷினை அந்த வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். அங்கே பிரமாதமாக ஓடுகிறது, பிள்ளைகள் பாடமெல்லாம் அதில்தான் அடிக்கிறார்கள் என்று வாத்தியார் வரும்போதெல்லாம் சொல்வார். எழுத்து அவ்வளவு தெளிவாம். பேப்பர் என் கடையிலிருந்துதான் போகும், அண்ணனே வந்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார். கடைசியாக வந்தபோது கடையில் கூட்டமில்லை. பேப்பர் கட்டை எடுத்து வைத்தேன். அவர் எடுக்காமல் நின்றார்.

"ஏனுங்க அம்மணி, இன்னும் சித்த ஒயரமாக் குத்தியிருந்தன்னா அவ படிச்சிருப்பாளுங்களா?"

அக்கா போனபிறகு அவளைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. அதையும் மெஷின் வழியாகத்தான் கேட்டார். பதில் என்னிடம் இருந்தது. அக்காவே சொன்ன பதில், அவளுடைய வார்த்தையிலேயே இருந்தது. வாயைத் திறந்தேன். அவர் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"படிச்சிருப்பாங்கண்ணா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "நானும் அப்படித்தான் நெனச்சேன். சித்த முன்னாடியே மாத்தியிருக்கோணும்" என்று சொல்லி, பேப்பர் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.